ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க் கன்ட்ரோலர்: லினக்ஸ் தடுமாறினால் எங்கிருந்து பார்ப்பது

மாம்பலத்தில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி கூப்பிட்டார். "தம்பி, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சாட்டா கார்டு வாங்கி மாட்டினேன், அதுலேர்ந்து மெஷினே எழுந்திருக்க மாட்டேங்குது, உள்ள இருபது கல்யாணம் இருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் திரையில் எமர்ஜென்சி மோடு, அதாவது லினக்ஸ் முழுசாக எழ முடியாமல் கட்டளை மட்டும் வாங்கிக்கொள்ளும் நிலை. மதர்போர்டில் நான்கு டிஸ்க், புதுக் கார்டில் இரண்டு. டிஸ்க் எதுவும் சாகவில்லை, கார்டும் நல்ல கார்டுதான். நேற்றுவரை எஸ்டிபி என்ற பெயரில் இருந்தது இன்றைக்கு எஸ்டிடி ஆகியிருந்தது, நேற்று எஸ்டிஏவாக இருந்தது எஸ்டிபி ஆகியிருந்தது, நடந்தது அவ்வளவுதான். ஆனால் நான் போவதற்குள் யாரோ போனிலேயே "எஸ்டிபியை ஃபார்மேட் பண்ணிட்டு திரும்ப மவுண்ட் பண்ணுங்க" என்று யோசனை சொல்லிவிட்டார்கள். அண்ணன் கட்டளையை முழுசாகத் தட்டிவிட்டு எண்டர் அழுத்த மனசு வராமல் உட்கார்ந்திருந்தார். அந்த நிமிடம் எஸ்டிபி என்ற பெயரில் இருந்த டிஸ்க்கில்தான் இருபது கல்யாணமும் இருந்தன.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கன்ட்ரோலர்கள் (டிஸ்க்குகளை மெஷினோடு இணைக்கும் சிப்கள், மதர்போர்டில் ஒன்று, கார்டில் ஒன்று) மோதிக்கொள்கின்றன என்று நம்மிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் மோதல் எதுவும் இருக்காது. பெயர் மாறியிருக்கும், பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) ஓர் அமைப்பு தப்பாக இருக்கும், கேபிளோ கரன்டோ சரியாக இருக்காது. எந்த டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் தொங்குகிறது என்று ஒரு தாளில் எழுதும்வரை எதையும் மாற்றாதீர்கள். அதை எழுதி முடித்தாலே பாதிப் பிரச்சினை கண்ணில் பட்டுவிடும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாகத் தட்டுங்கள்.

தாளும் மாஸ்கிங் டேப்பும்

முதலில் மெஷினை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் சீரியல் நம்பர் இருக்கும். அதன் கடைசி நான்கு எழுத்துகளை மாஸ்கிங் டேப்பில் எழுதி டிஸ்க்கின் ஓரத்தில் ஒட்டுங்கள். அதே எழுத்துகளை அந்த டிஸ்க்கின் கேபிளிலும், கன்ட்ரோலரை ஒட்டிய முனையில் ஒட்டுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் ராத்திரி ஒரு மணிக்கு நான்கு சிவப்புக் கேபிளையும் பார்த்து எது எது என்று யோசிப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும்.

திறந்தது திறந்தாகிவிட்டது, கார்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கத்து வீடுகளில் கார்டின் தங்க நிறப் பற்கள் மங்கிக் கறுத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நூல் உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் அழுத்தி மாட்டித் திருகுங்கள்.

கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எதைப் பார்க்கிறது

சரி, இப்போது மெஷினை எழுப்புங்கள். எமர்ஜென்சி மோடுவரைதான் வருகிறதென்றாலும் பரவாயில்லை, ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகலாம். அதுவும் முடியாவிட்டால் லினக்ஸ் லைவ் யூஎஸ்பி ஒன்றில் எழுப்புங்கள். முதல் கட்டளை இது:

சூடோ எல்எஸ்பிசிஐ -என்என்கே

பெரிய பட்டியலாக வரும். சாட்டா கன்ட்ரோலர், ரெய்டு பஸ் கன்ட்ரோலர், சீரியல் அட்டாச்டு ஸ்கசி கன்ட்ரோலர், நான்-வோலடைல் மெமரி கன்ட்ரோலர் என்று இருக்கும் பகுதிகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றின் ஆரம்பத்திலும் 03:00.0 மாதிரி ஒரு முகவரி இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரியைத் தேடுங்கள். மதர்போர்டு சாட்டாவுக்கும் சாதாரணக் கார்டுகளுக்கும் ஏஹெச்சிஐ என்று இருக்கும், எல்எஸ்ஐ வகை எஸ்ஏஎஸ் கார்டுகளுக்கு எம்பிடி3எஸ்ஏஎஸ், எம்.2 எஸ்எஸ்டிக்கு என்விஎம்இ.

இதிலேயே பிரச்சினை மூன்றாகப் பிரிந்துவிடும். கார்டு பட்டியலிலேயே இல்லையென்றால் லினக்ஸின் மேல் தப்பில்லை, கார்டு சரியாக உட்காரவில்லை அல்லது அந்த ஸ்லாட் பயாஸில் அணைந்திருக்கிறது அல்லது கார்டே செத்துவிட்டது. கார்டு இருக்கிறது ஆனால் இன் யூஸ் வரி இல்லையென்றால் டிரைவர் அதைப் பிடிக்கவில்லை. இரண்டும் இருந்தும் டிஸ்க் வரவில்லை என்றால் கேபிள், கரன்ட், டிஸ்க் என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,ஹெச்சிடிஎல்,டிரான்,சைஸ்,மாடல்,சீரியல்

டேப்பில் எழுதிய நான்கு எழுத்துகளை இங்கே சீரியல் பத்தியில் தேடிப் பொருத்துங்கள். ஹெச்சிடிஎல் பத்தியில் முதலில் வரும் எண் ஹோஸ்ட் எண். புதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சாட்டாவில் ஒவ்வொரு போர்ட்டும் ஒரு தனி ஹோஸ்ட், அதனால் ஆறு போர்ட் உள்ள ஒரே கன்ட்ரோலர் ஆறு ஹோஸ்ட் எண்களை எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட் எண் வேறு என்பதால் கன்ட்ரோலர் வேறு என்று நினைத்துவிடாதீர்கள்.

எந்த டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டுவது சிஸ் அடைவுக்குள் இருக்கும் பிளாக் அடைவு. எல்எஸ் -எல் போட்டு அதைப் பார்த்தால் எஸ்டிஏ, எஸ்டிபி ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேருகிறது என்று நீளமான பாதை வரும். அந்தப் பாதைக்குள் நீங்கள் எழுதி வைத்த 03:00.0 முகவரியும் இருக்கும், ஏடிஏ3, ஹோஸ்ட்2 என்ற எண்களும் இருக்கும். அவற்றையும் தாளில் குறியுங்கள். கர்னல் புலம்பும்போது பெரும்பாலும் எஸ்டிஏ என்று சொல்லாது, ஏடிஏ3 என்றுதான் சொல்லும். அது எந்த டிஸ்க் என்று தெரிய இந்தத் தாள் வேண்டும்.

பெயர் மாறிய கதை

எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்குக்கு வைத்த நிரந்தரப் பெயர் இல்லை, கோயில் வாசலில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி. கன்ட்ரோலர்கள் இரண்டு இருந்தால், எந்த டிரைவர் முதலில் ஏறுகிறது, எந்த டிஸ்க் சீக்கிரம் சுழன்று தயாராகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பூட்டிலும் வரிசை மாறலாம். பழைய ஐடிஇ காலத்தில் பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் அப்போது பிரைமரி மாஸ்டர் என்றால் எப்போதும் ஹெச்டிஏதான். அந்தப் பழைய ஐடிஇ டிரைவர் தொகுப்பு 2021-ல் வந்த 5.14 கர்னலோடு நீக்கப்பட்டுவிட்டது. என்விஎம்இ எஸ்எஸ்டி இரண்டு இருந்தால் அவற்றின் 0, 1 எண்களும் இடம் மாறக்கூடும், அதையும் நம்பாதீர்கள்.

இதற்கு மருந்து யூயூஐடி, பார்ட்டிஷனோடு ஒட்டியே இருக்கும் அடையாள எண். பிஎல்கேஐடி என்று சூடோவோடு தட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு நீண்ட எண் வரும். இடிசி அடைவில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பை (எதை எந்த அடைவில் இணைப்பது, அதாவது மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு, எஸ்டிபி1 என்று இருக்கும் இடங்களில் எல்லாம் யூயூஐடி= (இதை மட்டும் பெரிய எழுத்தில்) போட்டு அந்த எண்ணை எழுதுங்கள். டேட்டா டிஸ்க்குகளின் வரியில் ஆப்ஷன் பத்தியில் நோஃபெயில் என்றும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் வரவில்லை என்பதற்காக மெஷின் 1 நிமிடம் 30 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் விழும். ரூட் பார்ட்டிஷனுக்கு நோஃபெயில் வேண்டாம். எழுதி முடித்ததும் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை (எழுத்தில் எஃப்ஐஎன்டிஎம்என்டி) இரண்டு கோடு போட்ட வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டினால் கோப்பில் எழுத்துப் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும். இதைப் பார்க்காமல் ரீபூட் செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டிடி கட்டளையால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, பழையதையும் புதியதையும் ஒன்றாக மாட்டி வைத்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும். அப்போது எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுக்கும். நகல் எடுத்ததும் ஒன்றைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஸ்டுடியோ அண்ணன் மெஷினில் எஃப்எஸ்டேபில் ஐந்து வரி மாற்றியதும் ஆறு டிஸ்க்கும் எழுந்து வந்தன. அவர் எழுந்து போய் மழையிலேயே டீ வாங்கி வந்தார்.

பயாஸ் பக்கம்

பெயரைச் சரிசெய்தும் டிஸ்க் வரவில்லையென்றால் பயாஸுக்குள் போங்கள். சாட்டா மோடு என்ற இடத்தில் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் சில இன்டெல் மெஷின்களில் எம்.2 எஸ்எஸ்டி சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், லினக்ஸுக்குத் தெரியாது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ரீமேப்டு என்விஎம்இ என்ற சொற்களைத் தேடுங்கள், பயாஸை ஏஹெச்சிஐக்கு மாற்று என்று கர்னலே எழுதியிருக்கும். மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. அந்த ரெய்டில் உண்மையிலேயே டேட்டா இருக்கிறதா? இருந்தால் தொடாதீர்கள், முதலில் பேக்கப். அதே மெஷினில் விண்டோஸ் இருக்கிறதா? இருந்தால் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பிய பிறகு சாதாரணமாக எழுப்புங்கள். இல்லாவிட்டால் நீலத் திரைதான்.

அப்புறம் லேன் பகிர்வு. நெட்வொர்க் லேன் இல்லை, மதர்போர்டுக்குள் டேட்டா ஓடும் பாதை. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே லேனைப் பங்கு போட்டுக்கொள்ளும். எம்.2-வில் எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கே ஐந்தாவது, ஆறாவது சாட்டா போர்ட் செத்துப்போகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று வாரன்டிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மதர்போர்டு மேனுவலில் எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்று ஓர் அட்டவணை கண்டிப்பாக இருக்கும். அதைப் படித்துவிட்டு டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் முடிந்தது.

புதுக் கார்டு மாட்டியதும் பூட் வரிசை மாறியிருந்தால் அதையும் திருப்பி வையுங்கள். கார்டிலிருந்து பூட் செய்யப்போவதில்லை என்றால் அந்த ஸ்லாட்டின் ஆப்ஷன் ரோமை (கார்டுக்குள்ளேயே இருக்கும் பூட் மென்பொருள்) அணைத்துவிடுங்கள். பழைய பயாஸ் முறையில் எல்லாக் கார்டுகளின் ரோமும் ஒரு சின்ன நினைவக இடத்துக்குள் அடங்க வேண்டும், இடம் போதாவிட்டால் ஏதாவது ஒரு கார்டு வெளியே நின்றுவிடும்.

ரூட் டிஸ்க்கே புதுக் கார்டுக்குப் போனால்

சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் மாட்டினீர்கள், இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குள் ஒரு பிராம்ப்ட் வந்து நின்றுவிட்டது, அந்த யூயூஐடி இல்லை என்கிறது. டிஸ்க் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆரம்பக் கட்டத்தில் ஏறும் அந்தச் சின்ன இமேஜுக்குள் கார்டின் டிரைவர் இல்லை. டெபியன், உபுண்டு என்றால் பழைய போர்ட்டிலேயே திரும்ப மாட்டி எழுப்பி, இடிசிக்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில் இருக்கும் மாட்யூல்ஸ் கோப்பில் டிரைவர் பெயரை ஒரு வரியாகச் சேர்த்து, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டுங்கள். பிறகு டிஸ்க்கை மாற்றுங்கள். ஃபெடோராவில் பூட் பட்டியலில் இருக்கும் ரெஸ்க்யூ வரியில் எழுப்பினால் பெரும்பாலும் எழுந்துவிடும், அதற்குள் நிறைய டிரைவர்கள் இருக்கும். எழுந்ததும் டிராகட் -எஃப் போட்டு இமேஜைப் புதுப்பிக்கும்போது கர்னல் பதிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். டிரைவர் இருந்தும் டிஸ்க் மெதுவாக எழுகிறதென்றால் கிரப் (லினக்ஸை எழுப்பும் பூட் மெனு) வரியில் ரூட்டிலே=10 சேர்த்துப் பாருங்கள்.

டிஸ்க் வருகிறது, நடுவில் போய்விடுகிறது

இதுதான் நிறையப் பேரை அலைக்கழிப்பது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்யும்போது மெஷின் உறைகிறது, முப்பது விநாடி கழித்து மீள்கிறது அல்லது டிஸ்க் மறைந்தே போகிறது. இன்னொரு டெர்மினலில் சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ ஓடவிட்டுக் காப்பியை ஆரம்பியுங்கள். ஏடிஏ3 எக்ஸெப்ஷன், ஹார்டு ரீசெட்டிங் லிங்க் என்று வரும், அப்புறம் 6.0 ஜிபிபிஎஸ்ஸில் இருந்த இணைப்பு 3.0-வுக்கும் 1.5-க்கும் இறங்கும்.

தாளை எடுங்கள். ஒரே ஒரு ஏடிஏ எண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கேபிள் அல்லது அந்த டிஸ்க். ஒரே கார்டில் இருக்கும் எல்லா எண்களும் ஒரே நொடியில் விழுந்தால் கார்டு, ஸ்லாட், சூடு. இரண்டு கன்ட்ரோலர்களில் இருக்கும் டிஸ்க்குகளும் கலந்து விழுந்தால், அவை எல்லாம் ஒரே பவர் கேபிளில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வி எனக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கேபிளா டிஸ்க்கா என்று பிரிக்க சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ, டிஸ்க்கின் பெயர். அதில் 199 என்ற எண்ணோடு தொடங்கும் வரி சிஆர்சி பிழை எண்ணிக்கை. அது கன்ட்ரோலருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலின் கணக்கு, அதாவது பெரும்பாலும் கேபிள். அந்த எண் ஒருநாளும் குறையாது, அதனால் பழைய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறித்து வைத்துவிட்டு, காப்பி செய்தபின் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறினால் கேபிளை மாற்றுங்கள். 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகள் ஏறினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது, மற்றதை விட்டுவிட்டு டேட்டாவை எடுங்கள்.

கரன்ட் விஷயத்தில் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். 3.5 இஞ்ச் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், ஆறு டிஸ்க் ஒன்றாக எழுந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மோலெக்ஸிலிருந்து நான்காகப் பிரியும் மலிவு ஸ்பிளிட்டர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும் சாட்டா பவர் கேபிள்களில் பிரித்து மாட்டுங்கள். சூடும் அப்படித்தான். செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் எஸ்ஏஎஸ் கார்டுகள் சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை, சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சாதாரண கேபினெட்டுக்குள் வைத்தால் ஹீட்சிங்க்கைத் தொட முடியாது. ஒரு சின்ன ஃபேனை அதைப் பார்த்தபடி கட்டிவிடுங்கள்.

உண்மையான மோதல்

இவ்வளவும் பார்த்த பிறகும் நிற்கவில்லையென்றால்தான் இது. டிமெஸ்ஜியில் ஐஆர்க்யூ 16 நோபடி கேர்டு மாதிரி வந்தால் இரண்டு சாதனங்கள் ஒரே இன்டரப்ட்டை (சாதனம் பிராசஸரைக் கூப்பிடும் சிக்னல்) பகிர்ந்து ஒன்று கத்துகிறது. பிராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். டிமார் ஃபால்ட் என்று வந்தால் ஐஓஎம்எம்யூ பிரச்சினை, அதாவது சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் காவல் காக்கும் பகுதி. மார்வெல் 88எஸ்இ9128, 9230 போன்ற சில சிப்கள் தங்கள் முகவரியைத் தவறாகச் சொல்லி டேட்டா கேட்கும். அவற்றுக்குக் கர்னலிலேயே திருத்தம் இருக்கிறது, அதனால் முதலில் கர்னலைப் புதுப்பியுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் இன்டெல் மெஷினில் இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆஃப்.

இந்த மாதிரி ஆப்ஷன்களை நேராகக் கோப்பில் எழுதிவிடாதீர்கள். கிரப் பட்டியலில் இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும், தப்பானால் ரீபூட் போதும். ஒரு தடவைக்கு ஒன்றுதான்: லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=நோஎன்சிக்யூ ஒருமுறை, பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் ஒருமுறை, பிசிஐ=நோஎம்எஸ்ஐ ஒருமுறை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது, மெஷின் காரணமில்லாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். எது பலித்ததோ அதை மட்டும் இடிசியில் டீஃபால்ட் அடைவுக்குள் இருக்கும் கிரப் கோப்பில் எழுதி, டெபியன், உபுண்டு என்றால் அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

எம்டி ரெய்டு (லினக்ஸே நடத்தும் ரெய்டு) வைத்திருப்பவர்களுக்கு

ரெய்டின் டிஸ்க்குகள் இரண்டு கன்ட்ரோலர்களில் பிரிந்திருந்து, ஒரு பக்கம் தாமதமாக எழுந்தால் ரெய்டு குறையோடு எழும் அல்லது எழவே எழாது. அப்போது எம்டிஏடிஎம்மில் கிரியேட் ஆப்ஷனை மட்டும் தொட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் எக்ஸாமின் போட்டுப் பார்த்து ஈவென்ட்ஸ் எண்ணைத் தாளில் எழுதுங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் ஸ்டாப் போட்டு, பிறகு அசெம்பிள் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். வேறொரு மெஷினிலிருந்து வந்த பழைய டிஸ்க் ரெய்டு மாதிரி நடித்தால் பிஎல்கேஐடி அதை ஐஎஸ்டபிள்யூ_ரெய்டு_மெம்பர் என்று காட்டும், பழைய இன்டெல் ரெய்டின் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைப்எஃப்எஸ் கட்டளையை ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் இருப்பதைப் பட்டியல் மட்டும் போடும், -ஏ சேர்த்தால் அழித்துவிடும். -ஏ போடுவதற்கு முன்னால் சீரியல் நம்பரை டேப்போடு இன்னொருமுறை ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு, ரீபூட் மட்டும் செய்து பார்த்து மூடிவிடாதீர்கள். முழுசாக அணைத்து, ஸ்விட்சையும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு எழுப்புங்கள், டிஸ்க்குகள் நின்ற நிலையிலிருந்து சுழலும்போதுதான் தாமதப் பிரச்சினை தெரியும். அப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் எல்எஸ்பிஎல்கே பட்டியலைத் தாளோடு ஒப்பிடுங்கள், எஸ்டிஏ எஸ்டிபி மாறியிருந்தாலும் எல்லாச் சீரியல் நம்பரும் அதனதன் மவுண்ட் இடத்தில் இருந்தால் போதும். பிறகு அந்தத் தாளை மடித்து கேபினெட் மூடியின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிட்டுத் திருகை மாட்டுங்கள்.